மண்ணும் மாயமும்: கெல்ட்டியத் தொன்மம் தழுவிய இளையோர் புனைகதைகள் தமிழுக்குக் காட்டும் நெறி

1. தோற்றுவாய்

பொய்யென்று அறிந்தே ஒரு கதையைக் கேட்டு மகிழ்வது மக்களின் இயல்பு. தொல்காப்பியர் செய்யுளியலில் உரைநடையின் வகைகளை எண்ணுங்கால், உலகில் நிகழாத ஒன்றை நிகழ்ந்தது போலக் கட்டிச் சொல்லும் பொய்யுரைக்கும் ஓர் இடம் தந்தார். அதற்கு விளக்கம் எழுதப் புகுந்த பேராசிரியர், யானையும் குருவியும் நட்புப் பூண்டு ஓரிடம் சென்று இன்ன செயல் செய்தன என்பது போலும் கதைகளைச் சுட்டினார். ஆகவே, இளையோர்க்குச் சொல்லப்படும் மாயக்கதை தமிழிலக்கணத்திற்குப் புறம்பான பொருளன்று. அதனை ஆராயத்தக்க இலக்கியமாகக் கொள்ளாது விட்டது திறனாய்வாளராகிய நம்முடைய குறையே அன்றி இலக்கணத்தின் குறையன்று.

மேனாட்டில் இவ்வகைக் கதை கடந்த நூற்றாண்டில் பெருவளர்ச்சி பெற்றது. அவ்வளர்ச்சிக்கு ஊற்றாய் நின்றவற்றுள் ஒன்று கெல்ட்டியத் தொன்மம். ஐரோப்பாவின் மேற்கு விளிம்பிலுள்ள வேல்சு, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, பிரித்தானி முதலிய பகுதிகளில் தம் மொழியாலும் கதைமரபாலும் எஞ்சி நிற்பவர் கெல்ட்டியர். அவர்தம் பழங்கதைகளைத் தழுவி லாயிடு அலெக்சாந்தர், ஆலன் கார்னர், சூசன் கூப்பர் ஆகியோர் 1960ஆம் ஆண்டை ஒட்டியும் அதன் பின்னரும் இயற்றிய புனைகதைகள் இன்றும் பயிலப்படுகின்றன. அவற்றைப் பின்பற்றி எழுந்த கதைகளோ எண்ணில. அவற்றுட் பல எழுந்த வேகத்திலேயே மறைந்தன. ஒரே தொன்மத்தை எடுத்தாண்டவருள் சிலர் நிலைபெறவும் பலர் நிலையாது ஒழியவும் காரணம் யாது? அக்காரணம் தமிழில் மாயக்கதை எழுதுவார்க்கு யாது கற்பிக்கும்? இவ்விரு வினாக்களுமே இக்கட்டுரையின் பொருள்.

விடை காண்பதற்குரிய அளவுகோலைத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், மா, மரம், புள், பறை, செய்தி முதலியன கருப்பொருள். மக்களின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். இம்மூன்றும் முறையே ஒன்றினொன்று சிறந்தன என்பது அகத்திணையியல் வகுத்த நெறி. அகப்பாட்டிற்கு வகுத்த நெறியை அயல்நாட்டுப் புனைகதைக்குப் பொருத்துதல் மிகையென்று சிலர் கருதலாம். இலக்கணம் கூறும் சொல்லை அன்று, அதன் உள்ளீட்டையே ஈண்டுக் கொள்கின்றோம் என்க.

2. இரும்பாலை நிழலில் எழுந்த மொழிபெயர்ப்பு

வேல்சுநாட்டுப் பழங்கதைகளின் தொகுதிக்கு 'மாபினோகியன்' என்பது இன்று வழங்கும் பெயர். 14ஆம் நூற்றாண்டிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுதப்பெற்ற இரண்டு பெருஞ்சுவடிகள் அக்கதைகளைக் காத்துத் தந்தன. ஒன்று வெண்ணூல் என்றும் மற்றொன்று செந்நூல் என்றும் வழங்கும். அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து உலகறியச் செய்தவர் சார்லட் கெஸ்ட் அம்மையார். 1838இல் வெளிவரத் தொடங்கிய அவர்தம் மொழிபெயர்ப்பு 1849இல் மூன்று தொகுதிகளாக நிறைவுற்றது. அதனை அம்மையார் தம் மைந்தர் இருவர்க்கு உரிமையாக்கினார். இளையோர்க்கு இத்தொன்மத்தை வழங்கும் எண்ணம் அம்மொழிபெயர்ப்பின் பிறப்பிலேயே இருந்தது என்பதற்கு இது சான்று.

அம்மையார் வாழ்ந்த இடமும் நாம் கருதத்தக்கது. அவர் கணவர் சான் கெஸ்ட், தென்வேல்சிலுள்ள டவுலைசு இரும்பாலையின் தலைவர். அக்காலத்து உலகின் மிகப்பெரிய இரும்பாலைகளுள் அதுவும் ஒன்று. உலைகளின் தீயும் புகையும் இரவும் பகலும் ஓயாத ஊரில் இருந்துகொண்டே அம்மையார் வேல்சுமொழி கற்றார். சுவடியின் படிகளைப் பெற்றுப் பெயர்த்தார். தொழிலாளர் மக்களுக்கான பள்ளிகளையும் பேணினார். கணவர் 1852இல் மறைந்தபின் ஆலையின் பொறுப்பையும் சிலகாலம் தாமே தாங்கினார். தொன்மம் என்பது காட்டிலும் மலையிலும் மட்டும் வாழ்வது, தொழிற்சாலை எழுந்தால் மாய்ந்துபோவது என்னும் கருத்துப் பிழையென்பதை இவ்வரலாறு தெளிவுறுத்தும்.

எனினும் ஒரு குறையை மறைத்தலாகாது. சிறார்க்கு ஒவ்வாதன என்று தாம் கருதிய பகுதிகளை அம்மையார் நீக்கியும் மென்மைப்படுத்தியும் பெயர்த்தார். அவர் நூலைத் தழுவி 1881இல் அமெரிக்கக் கவிஞர் சிட்னி லானியர் சிறுவர்க்கென ஒரு பதிப்பு அமைத்தார். அதிலும் அரசரும் வீரருமே நிறைந்தனர். டவுலைசின் உலைக்களத்தில் இரும்பு உருக்கியவனின் மகன் இக்கதைகளைக் கேட்டிருக்கலாம். கதைக்குள் அவனுக்கு இடம் இல்லை. அவ்விடம் கிடைப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டு கழிய வேண்டியிருந்தது. அதனை ஈந்தவர் அலெக்சாந்தரும் கார்னரும் ஆவர்.

3. பன்றி காக்கும் சிறுவன்

லாயிடு அலெக்சாந்தர் அமெரிக்கர். இரண்டாம் உலகப்போரிற் படைவீரராகச் சென்றபொழுது வேல்சில் பயிற்சி பெற்றார். அந்நிலம் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. 1964 முதல் 1968 வரை ஆண்டுக்கொன்றாக அவர் எழுதிய ஐந்து நூல்கள் 'பிரிடெயின்' வரிசை எனப்படும். ஐந்தாவது நூல் 1969இல் நியூபெரி பதக்கம் பெற்றது.

இவ்வரிசையின் தலைவன் தாரன் என்னும் சிறுவன். பன்றி காப்பானுக்கு உதவியாள் என்பதே அவன் பட்டம். தாய் தந்தையர் யாரென அறியாதவன். மாயக்கதைகளைப் பயின்றோர் இவன் முடிவில் அரசன் மகனாகவே வெளிப்படுவான் என எதிர்பார்ப்பர். தாரனும் அவ்வாறே எதிர்பார்க்கின்றான். நான்காவது நூலில் தன் பிறப்பைத் தேடி அலைகின்றான். ஏழை இடையன் ஒருவன் நானே உன் தந்தை என்று பொய் கூறும்பொழுது தாரன் உள்ளூர நாணுகின்றான். பின்னர் அந்நாணத்தை எண்ணியே நாணுகின்றான். அதன்பின் கொல்லனிடத்தில் வாள் வடிக்கவும், நெசவு வல்ல மூதாட்டியிடத்தில் துணி நெய்யவும், குயவனிடத்தில் கலம் வனையவும் கற்கின்றான். மூன்றனுள் அவன் பெரிதும் விரும்பியது குயத்தொழில். ஆயினும் அதன் உச்சியை எட்டும் திறன் அவன் கைக்கு வாய்க்கவில்லை என்பதைக் குயவனே எடுத்துரைக்கின்றான். இறுதியில் மெய்யுருவம் காட்டும் நீர்க்கண்ணாடியை நோக்குகின்றான். அதில் தோன்றுவது அவன் முகமேயன்றி வேறில்லை.

இளையோர் புனைகதைகளுள் இதனினும் நேர்மையான பகுதியைக் காண்டல் அரிது. விரும்பியதெல்லாம் கைகூடும் என்பது மாயக்கதையின் வழக்கமான வாக்கு. அலெக்சாந்தரோ, விருப்பம் வேறு திறன் வேறு என்றும், திறன் வாய்க்காத இடத்தும் உழைப்பு வீணன்று என்றும் மாயக்கதைக்குள்ளேயே கூறுகின்றார். ஐந்தாம் நூலின் முடிவில் தாரன் பேரரசனாகின்றான். ஆனால் அவன் குடி யாதென்பது அப்பொழுதும் விளங்குவதில்லை. போர்க்களத்தில் கிடந்த குழவி என்பதற்கு மேல் ஒன்றும் அறியப்படவில்லை. பிறப்பாலன்றிச் செயலால் உயர்வு என்பது உரிப்பொருளாக அமைந்துவிட்டது.

தொன்மத்தை ஆளும் திறத்திற்கு மற்றொரு சான்று கொப்பரை. இறந்த வீரரை அதிலிட்டால் பேச்சிழந்த போராளிகளாக எழுவர் என்பது மாபினோகியனின் இரண்டாம் கிளைக்கதை. பகைமையை விளைத்தவனே தன்னை அதனுள் எறிந்து அதனைப் பிளக்கின்றான். அலெக்சாந்தர் தம் இரண்டாம் நூலில் இந்நிகழ்ச்சியைத் தழுவினார். செருக்கு மிகுந்த இளைஞன் ஒருவன் தன் உயிரை ஈந்து கொப்பரையை உடைக்குமாறு அமைத்தார். பழங்கதையின் வினை அவ்வாறே நிற்கின்றது. அவ்வினைக்குரிய மனமாற்றம் இளையோர்க்கு விளங்கும் வண்ணம் விரித்துரைக்கப்படுகின்றது.

இவ்வரிசையின் குறை முதற்பொருளில் உள்ளது. பிரிடெயின் உண்மை வேல்சு அன்று என்பதை ஆசிரியரே முன்னுரையில் தெரிவித்தார். அதன் மலைகளும் ஆறுகளும் நிகழ்ச்சிக்கு ஏற்ப வந்து போகின்றன. இந்த மலை இல்லையேல் இந்தக் கதை இல்லை என்று சொல்லத்தக்க இடம் ஒன்றும் அதில் இல்லை. உரிப்பொருளின் வலிமை முதற்பொருளின் மெலிவைத் தாங்கி நிற்கின்றது. உரி முதலினும் சிறந்தது என்னும் தொல்காப்பிய முறைவைப்பு ஈண்டும் உண்மையாதல் காண்க.

4. மலரும் ஆந்தையும்

ஆலன் கார்னர் இங்கிலாந்தின் செசயர் பகுதியில் வழிவழி வாழ்ந்த கைவினைக் குடியிற் பிறந்தவர். 1960இல் வெளிவந்த அவர்தம் முதல் நூல், தம் ஊர்க்குன்றின் அடியில் வீரர் உறங்குகின்றனர் என்னும் உள்ளூர்க் கதையை அடிப்படையாகக் கொண்டது. நிலம் அதில் உண்மை நிலம். ஆயினும் வேல்சு, அயர்லாந்து, வடபுலத்து நார்சு மரபு ஆகிய மூன்றன் பெயர்களும் அந்நூலிற் கலந்து கிடக்கின்றன. கருப்பொருள் மிகுந்து உரிப்பொருள் மெலிந்த நூல் அது எனலாம்.

அக்குறை நீங்கிய நூல் 1967இல் வெளிவந்து கார்னகி பதக்கம் பெற்றது. 'ஆந்தைக் கலவரிசை' என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். கலவரிசை என்றது உணவுத்தட்டுகளின் தொகுதியை. மாபினோகியனின் நான்காம் கிளைக்கதை அதற்கு வேர். மானிடப் பெண்ணை மணக்கலாகாது என்னும் சாபம் பெற்ற ஒருவனுக்கென மாயம் வல்லார் இருவர் மலர்களால் ஒரு பெண்ணைப் படைக்கின்றனர். அவள் மற்றொருவனைக் காதலித்துக் கணவனைக் கொல்லச் சூழ்கின்றாள். கணவன் கழுகுருவம் பெற்றுப் பின் மீள்கின்றான். காதலன் ஏந்திய கல்லை ஊடுருவிச் சென்ற வேல் அவன் உயிரைப் போக்குகின்றது. மலர்மகள் ஆந்தையாக மாற்றப்படுகின்றாள்.

கார்னர் இக்கதையை மீளச் சொல்லவில்லை. இருபதாம் நூற்றாண்டு வேல்சுப் பள்ளத்தாக்கு ஒன்றில் மூன்று இளையோரை நிறுத்தினார். ஆலிசன், ரோசர் என்னும் இருவரும் விடுமுறைக்கு வந்த ஆங்கிலக் குடும்பத்தினர், வீட்டுக்கு உடையவர். குவின் அவ்வீட்டுப் பணிப்பெண்ணின் மகன். மேல்மாடத்திற் கிடைத்த தட்டுகளில் மலர்க்கோலமாகவும் ஆந்தையுருவாகவும் தோன்றும் ஓவியத்தை ஆலிசன் படியெடுக்கத் தொடங்கியதும் பழைய துயரம் மீண்டும் எழுகின்றது. அப்பள்ளத்தாக்கில் தலைமுறைதோறும் மூவர் அத்துயருக்கு ஆளாகின்றனர் என்பது பையப் பைய விளங்குகின்றது.

இந்நூலின் நெஞ்சம் மாயத்தில் இல்லை, குவினிடத்தில் உள்ளது. அவன் படிப்பில் வல்லவன். தன் பேச்சுமொழி ஏழ்மையைக் காட்டிக்கொடுக்கும் என்றஞ்சி, உயர்குடி ஆங்கிலம் பயிற்றும் இசைத்தட்டுகளைப் பெற்று மறைவாகக் கற்கின்றான். அச்செய்தி வெளிப்பட்டு நகைப்புக்கு இடமாகின்றது. மகன் வேல்சுமொழி பேசுதலைத் தாயே விலக்குகின்றாள். பள்ளியை நிறுத்திக் கடைவேலைக்கு அனுப்பிவிடுவதாக அச்சுறுத்துகின்றாள். பள்ளத்தாக்கின் மொழியும் கதையும் அவனுக்கு உரியவை. வீடும் நிலமும் பிறருக்கு உரியவை. பழங்கதையில் ஒருத்தியை இருவர் தமக்கெனக் கொள்ள முனைந்த பூசல், இங்கு நிலமும் மொழியும் யாருக்கு உரியன என்னும் பூசலாக விரிகின்றது. முதல், கரு, உரி மூன்றும் ஒன்றையொன்று இறுகப் பற்றிய அமைப்பு இது. பள்ளத்தாக்கை நீக்கினால் ஆந்தை இல்லை. ஆந்தையை நீக்கினால் குவினின் துயருக்கு உருவம் இல்லை.

முடிவு மட்டும் வினாவுக்கு இடமாகின்றது. துன்புறும் ஆலிசனைத் தேற்றும் பொறுப்பு குவினுக்கு வருகின்றது. காயமுற்ற அவன் நெஞ்சம் இணங்கவில்லை. ரோசரே தன் செருக்கை விடுத்து அவளைத் தேற்ற, ஆந்தைகள் மலர்களாகின்றன. இழிவுபடுத்தியவன் மன்னிக்கும் பேற்றைப் பெறவும், இழிவுற்றவன் வெறுங்கையனாய் நிற்கவும் கதை முடிகின்றது. இதனை அறக்குறை என்பாரும் உளர். என் கருத்தில் இது ஆசிரியரின் நேர்மையே. சிறுமை உற்றவர் உடனே பெருந்தன்மை காட்டவேண்டும் என்று எதிர்பார்ப்பது, அவர்மேல் இரண்டாம் சுமையை ஏற்றுவதாகும். குவின் தோற்றதற்குக் காரணம் அவன் இயல்பு மட்டுமன்று. அவனை அந்நிலைக்கு ஆளாக்கிய ஒழுங்கும் காரணம். அதனைக் கதை மழுப்பவில்லை.

பின்னர் வந்த சூசன் கூப்பர், வேல்சின் மலையடிவாரத்தில் நிகழும் தம் நான்காவது நூலுக்கு 1976இல் நியூபெரி பதக்கம் பெற்றார். அவரிடத்தும் மலையும் ஆட்டுப்பட்டியும் உள்ளூர்ப் பேச்சும் உயிருடன் உள்ளன. இவர்களைப் பின்பற்றினார் பலர்க்கோ கருப்பொருள் ஒன்றே கைக்கு எட்டியது. மந்திரக்கோல், மறைநூல், முதுமரம், அடைமொழி சுமந்த வாள் ஆகியன பெயர்ந்து சென்றன. நிலமும் நெஞ்சும் பெயர்ந்து செல்லவில்லை.

5. தமிழ் மாயக்கதையின் நிலை

இனித் தமிழை நோக்குவோம். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா விக்கிரமாதித்தன் கதையையும் வேதாளத்தையும் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றுவதற்கு அழ. வள்ளியப்பா காரணமாயிருந்தார். வாண்டுமாமா என்னும் புனைபெயரில் எழுதிய வி. கிருஷ்ணமூர்த்தி மாயக்கதையையும் படக்கதையையும் வாழ்நாட் பணியாகக் கொண்டார். இவர்களால் இரண்டு மூன்று தலைமுறையினர் வாசிப்பிற் சுவை கண்டனர். இத்தொண்டு போற்றற்குரியது.

ஆயினும் அக்கதைகளிற் பலவற்றில் ஊருக்குப் பெயர் இல்லை. பெயர் இருப்பினும் நிலம் இல்லை. ஏழுகடல் கடந்து, ஏழுமலை தாண்டி, கிளியின் உடலில் உயிரை வைத்த அரக்கனை இளவரசன் வெல்கின்றான். வாய்மொழிக் கதைக்கு இடமின்மை குற்றமன்று. கேட்போர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரைப் பெய்து நிரப்பிக்கொள்வதற்கு அது வழி செய்கின்றது. கதை சொல்லும் பாட்டியின் குரலே அதற்கு நிலமாகின்றது. ஆனால் அச்சேறிய கதையில் அக்குரல் இல்லை. குரல் நீங்கியபின் நிலமும் இல்லாதொழிந்தால் எஞ்சுவது கருப்பொருள் மட்டுமே.

இடத்தைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் தமிழ்ப் புனைகதைக்கு இல்லை என்பதும் பொருந்தாது. கல்கியின் பொன்னியின் செல்வன் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகின்றது. அதனைப் படித்தோர் இன்றும் அவ்வேரியை வந்தியத்தேவனின் கண்கொண்டே காண்கின்றனர். வரலாற்றுப் புதினம் பெற்ற இப்பேற்றை இளையோர் மாயக்கதை பெறவில்லை. பெ. தூரன் சிறார்க்கு எழுதிய 'கொல்லிமலைக் குள்ளன்' தன் பெயரிலேயே ஒரு மலையைத் தாங்கி நிற்பது இவ்வகையில் நல்ல தொடக்கம். அம்மலைக்குரிய கொல்லிப்பாவையோ இன்னும் தனக்குரிய இளையோர் புனைகதைக்குக் காத்திருக்கின்றது எனலாம். பூதம் படைத்தது என்று நற்றிணையும், தெய்வம் வகுத்தது என்று குறுந்தொகையும் அப்பாவையைக் குறிக்கின்றன. காற்றும் மழையும் நிலநடுக்கமும் தாக்கினும் அதன் அழகு கெடாது என்பது புலவர் கூற்று. மலராற் படைக்கப்பட்ட வேல்சுமகள் ஆந்தையாய் அழிந்தாள். பூதத்தாற் படைக்கப்பட்ட நம் பாவை அழிவின்றி நிற்கின்றது. படைத்தவர்க்கு அடங்காத பெண்ணின் துயரம் ஒன்று; மாறவே இயலாத பெண்ணின் துயரம் மற்றொன்று. இரண்டாவதை எழுதும் கார்னர் ஒருவர் நமக்கு வேண்டும்.

6. பூதபுரி: ஓர் உரைகல்

மேற்கூறிய நெறி தமிழ் மண்ணில் இயலுமா என்பதைச் சோதிக்க, டவுலைசைப் போலவே தொழிலால் உருமாறிய ஒரு நிலத்தைக் கொள்வது தகும். திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை பரந்த தொழில்வட்டாரம் அத்தகையது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டு முதல் பெரிய ஊர்தித் தொழிற்சாலைகள் எழுந்தன. 2006இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியது. ஓரிரவில் எழுந்து ஓரிரவில் மறையும் மாளிகையை மாயக்கதையில் மட்டுமே கண்டோம் என்று இனிச் சொல்ல இயலாது.

இந்நிலத்தின் கருப்பொருள் வளம் வியக்கத்தக்கது. இராமானுசர் பிறந்த தலம் என்னும் பெருமையோடு, திருப்பெரும்புதூருக்குப் பூதபுரி என்னும் பெயரும் உண்டு. சிவபெருமான் ஆடியபொழுது நகைத்த பூதகணங்கள் சாபமுற்று, இவ்வூரில் அனந்தசரசு என்னும் பொய்கையில் மூழ்கி மீட்சி பெற்றன என்பது தலபுராணம். நகைத்ததற்காக நாடு கடத்தப்பட்ட பூதங்கள் என்னும் கருத்து இளையோர் உள்ளத்தைக் கவர்தற்கு எவ்வளவு ஏற்றது!

தமிழ்ப் பூதமோ மேனாட்டுக் கதையின் வெற்றரக்கன் அன்று. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் வரும் சதுக்கப்பூதம், பொய்க்கரி கூறுவாரையும் புறங்கூறுவாரையும் பாசத்தாற் பிணித்து ஒறுப்பது. அங்குள்ள இலஞ்சி மன்றத்துப் பொய்கை உடற்குறை தீர்ப்பது. பாவை மன்றத்துப் பாவை, அரசு முறை பிறழ்ந்தால் வாய் திறவாது கண்ணீர் உகுப்பது. அலெக்சாந்தரின் கதையில் பாணன் ஒருவன் பொய்யுரைக்கும் போதெல்லாம் அவன் யாழின் நரம்பு அறுந்துபோகும். அந்நரம்பு ஒருவனுடைய பொய்யை அளப்பது. நம் பாவை ஓர் அரசின் பொய்யை அளப்பது. இத்தகைய கருவூலத்தை உடையார் மந்திரக்கோலை இரவல் வாங்குதல் வேண்டா.

மண்ணுக்கு அடியிலும் கதை உண்டு. செங்கற்பட்டுப் பகுதி பெருங்கற்படைக்காலப் புதைகுழிகள் மலிந்தது; 1950ஐ அடுத்த ஆண்டுகளில் சாணூரில் அகழாய்வு நிகழ்ந்தது. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து மிகப்பழைய கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். இத்தகைய கல்வட்டங்களைப் பாண்டவர் குழி என்றும், குள்ளர் வாழ்ந்த வீடு என்றும் மக்கள் வழங்குவர். மூப்பால் உடல் சிறுத்தும் உயிர் நீங்காத முதியோரைத் தாழியிலிட்டனர் என்னும் கதையும் தமிழகத்தில் உண்டு. அயர்லாந்தில் கிறித்துவுக்கு முன் ஏறத்தாழ 3200ஆம் ஆண்டளவில் எழுந்த நியூகிரேஞ்சு மேட்டைக் கெல்ட்டியர் கட்டவில்லை. பின்வந்த கதைஞரே அதனைத் தம் தெய்வங்களின் மாளிகையாக்கினர். முன்னோர் விட்டுச்சென்ற கல்லைக் கண்டு, காரணம் அறியாது, கதையால் நிரப்பும் இயல்பு இரு நாட்டார்க்கும் பொதுவாதல் காண்க.

முதலும் கருவும் உள்ளன. உரிப்பொருள் யாது? இவ்வினாவிலேதான் எல்லாம் அடங்கியுள்ளது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குதற்குரிய தொழிலாளர் விடுதி 2024இல் திறக்கப்பெற்றது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பதினெட்டு, பத்தொன்பது அகவையினர் இவ்வட்டாரத்திற்கு வேலைக்கு வருகின்றனர். சங்கப்பாட்டில் பொருள்வயிற் பிரிந்தவன் தலைவன். இல்லிருந்து நாள் எண்ணியவள் தலைவி. இன்று பொருள்வயிற் பிரிபவள் மகள். நாள் எண்ணுபவர் பெற்றோர். பாலைத்திணையின் உரிப்பொருள் பால்மாறி நிற்கும் இக்காட்சி, பழைய இலக்கணத்திற்கும் புதிய புனைகதைக்கும் ஒருங்கே அறைகூவலாகும். பிழைக்காகத் தம் உலகினின்று நீக்கப்பட்டு அயலூரில் மீட்சிக்குக் காத்திருந்த பூதங்களின் கதையை, பிழையேதும் இன்றித் தம் ஊரினின்று பிரிந்து வந்த இளையோர் எவ்வாறு கேட்பர்? அவ்வினாவை எழுப்பும் கதையே நாம் வேண்டும் மாயக்கதை.

7. ஒரு தடையும் விடையும்

இவ்விடத்தில் ஒரு தடை எழும். கெல்ட்டியத் தெய்வங்களுக்குத் தொன்றுதொட்டு வரும் வழிபாடு இன்று இல்லை. அக்கதைகளைத் துறவியரும் எழுத்தரும் ஏட்டில் எழுதிய காலத்திலேயே கிறித்தவம் பரவிவிட்டது. ஆகவே கார்னர் அவற்றை விரும்பியவாறு வளைக்கலாம். பூதபுரியிலோ ஆதிகேசவப் பெருமாள் திருக்கோயிலில் நாளும் வழிபாடு நிகழ்கின்றது. வாழும் சமயத்தைப் புனைகதையாக்குதல் முறையாகுமா?

இத்தடை வலியுடையது, எளிதில் தள்ளற்பாலதன்று. ஆயினும் இரண்டு விடை உண்டு. முதலாவது, நம் மரபிலேயே தெய்வம் வேறு, பூதம் வேறு. இளங்கோவடிகள் சதுக்கப்பூதத்தைக் காப்பியப் பாத்திரமாக்கினார். அதனால் சமயத்திற்கு இழுக்கு நேரவில்லை. சிறுதேவரும் பூதமும் பாவையும் புனைவோனுக்குத் திறந்த வெளி. இரண்டாவது, வாழும் மரபு என்பது தடையாவதோடு துணையும் ஆகும். வேல்சுச் சிறுவனுக்கு மலர்மகளை நூல் கற்பிக்க வேண்டும். திருப்பெரும்புதூர்ச் சிறுமிக்கு அனந்தசரசைக் கண் காட்டுகின்றது. கார்னர் அரிதின் முயன்று பெற்ற இணைப்பு நமக்குப் பிறப்புரிமையாய்க் கிடைத்துள்ளது. மரியாதையை இழவாது வினா எழுப்பும் கலையை மட்டுமே நாம் பயில வேண்டும்.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது இது: தொன்மம் தழுவிய இளையோர் புனைகதை, கருப்பொருளை மட்டும் கடன்கொண்டால் நிலையாது. உரிப்பொருள் வலுத்தவிடத்து, அலெக்சாந்தரைப் போல, கற்பித்த நிலத்திலும் நிற்கும். முதலும் கருவும் உரியும் பிரிக்கலாகாது பிணைந்தவிடத்து, கார்னரைப் போல, அந்நிலம் உள்ளவரை நிற்கும். கெல்ட்டியக் கதைஞரிடமிருந்து தமிழர் கொள்ளத்தக்கது அவர்தம் தெய்வப் பெயர்களை அன்று; அவர்கள் தம் மண்ணை நோக்கிய நோக்கை.

இதற்கு முதற்பணி படைப்பாளருடையது அன்று, நம்முடையது. சார்லட் அம்மையார்க்குச் சுவடிகள் இருந்தன. கார்னர்க்குப் பாட்டனார் சொன்ன கதை இருந்தது. இத்தொழில்வட்டாரத்தின் ஏரி, மேடு, எல்லைக்கல், மரத்தடித் தெய்வம் ஆகியவற்றுக்குரிய வாய்மொழிக் கதைகளோ முதியோர் நினைவிலேயே உள்ளன. ஏரிக்கரை சாலையாகவும் மேடு சுற்றுச்சுவராகவும் மாறும்பொழுது கதையைத் தாங்கிய இடம் மறைகின்றது. இடம் மறைந்தபின் கதையைக் கேட்பாரும் இல்லை. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, கதையை அதன் இடப்பெயரோடும் சொன்னவர் சொல்லோடும் பதிவு செய்தல் வேண்டும். இடப்பெயர் நீங்கிய கதைத்தொகுப்பு, முதற்பொருள் நீங்கிய அகப்பாட்டைப் போல்வது.

டவுலைசின் உலைகள் இன்று அணைந்துவிட்டன. அவ்வூரில் இருந்து பெயர்த்த கதைகள் அணையவில்லை. ஒரகடத்தின் ஆலைகள் நெடுங்காலம் தழைக்க. அவற்றின் நிழலில் வளரும் சிறார்க்குத் தாம் நிற்கும் மண்ணின் மாயத்தை யார் சொல்லப்போகின்றனர் என்பதே நம் முன் நிற்கும் வினா.